செலவு நோயாளிக்கு, சிக்கல் டாக்டருக்குமா?

கேள்வி: சிகிச்சைச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. கஷ்டப்படுவது நோயாளிதானே, இதில் டாக்டருக்கு என்ன பாதிப்பு?

பதில்: நிறையவே இருக்கிறது. ஒரு தொகை வரை நோயாளியே கட்ட வேண்டும், அதற்கு மேல்தான் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் என்ற திட்டங்களில், அந்த ஆரம்பத் தொகை உயர உயர, டாக்டருக்கு வர வேண்டிய பணத்தில் பெரும்பங்கு நோயாளியின் கையிலிருந்தே வர வேண்டியதாகிவிடுகிறது. கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்பி வாங்குவது ஒரு வேலை என்றால், நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் தனித்தனியாகக் கேட்டு வாங்குவது வேறு வேலை. சின்ன கிளினிக்குக்கு அதற்கென்றே ஆள் வேண்டும், அந்தச் சம்பளமும் கடைசியில் ஃபீஸில்தான் ஏறும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது, பில்லுக்குப் பயந்து மறுபடி வராமலே இருந்துவிடுபவர்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டு நாளைத் தள்ளுகிறார்கள், நோய் முற்றிய பிறகு வருகிறார்கள், அப்போது செலவு இன்னும் கூடுகிறது.

அதனால் சிகிச்சைக்கு முன்பே தோராயச் செலவை எழுதிக் கேளுங்கள், தவணை உண்டா என்றும் கேளுங்கள். "இந்த டெஸ்ட் இப்போதே தேவையா, விலை குறைந்த ஜெனரிக் மருந்து இருக்கிறதா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. அப்புறம், பில்லை வரிவரியாகப் பாருங்கள், செய்யாத டெஸ்ட் அதில் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.