பதில்: பிளஸ் டூவில் கணக்கு இல்லை, பிபிஏ சேரலாமா?

பிளஸ் டூவில் கணக்கு இல்லாத காமர்ஸ் பிரிவு. அரசுக் கல்லூரியில் பிபிஏ இடம் கிடைத்தும், 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்' (ஒரு வேலையைச் சிறப்பாக, சிக்கனமாக முடிக்கும் வழியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் பாடம்) தாளுக்குப் பயந்து அந்த இடத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள் தங்கச்சி.

அந்தத் தாளில் வரும் போக்குவரத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கிடங்கு, நான்கு ஊர். எங்கிருந்து எங்கே சரக்கு அனுப்பினால் செலவு குறையும்? இதற்கான வோகல் முறையில், செலவுகளை அட்டவணையாக எழுதி, ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் மிகக் குறைந்த இரண்டு செலவுகளின் வித்தியாசத்தைப் பார்த்து, பெரிய வித்தியாசம் எங்கே வருகிறதோ அங்கே மலிவான கட்டத்தை நிரப்ப வேண்டும். கழித்தல்தான், வேறொன்றுமில்லை. அதிக லாபத்தையோ குறைந்த செலவையோ படிப்படியாக அட்டவணை போட்டுக் கண்டுபிடிக்கும் சிம்ப்ளெக்ஸ் முறைதான் கொஞ்சம் படுத்தும். ஒரு பின்னம் தப்பினால் முழுப் பக்கமும் போச்சு. கல்லூரி திறக்கும்வரை பின்னங்களையும், இரண்டு மாறிச் சமன்பாடுகளையும் பள்ளிப் புத்தகத்தை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

தனியார் கல்லூரிக்குப் போனாலும், அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றால் பெரும்பாலும் இதே பாடம்தான். பணம்தான் கூடுதல்.

அப்புறம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தைப் பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.