எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர் எதற்குப் பொது சுகாதாரம் படிக்க வேண்டும்?

ஊருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர்தானே வேண்டும், இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு இப்போது பொது சுகாதாரம்தான் படிக்கிறேன்.

ரப்பர் வெட்டுகிற அண்ணன் ஒருவர் பிரஷர் மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டார். அக்கறை இல்லை என்று நினைத்தேன். அப்புறம் விசாரித்தால், விடியுமுன் தோட்டத்துக்குப் போய் மரப்பட்டையைக் கீறி, பால் எடுத்து, அதை ரப்பர் ஷீட்டாக அடித்துவிட்டு அவர் வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் ஓ.பி. (வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரம்) முடிந்துவிடுகிறது. இதற்கு எந்த மருந்துச் சீட்டு எழுதுவது? ஒன்று ஓ.பி. நேரம் மாற வேண்டும், இல்லை மாத்திரை வீடு தேடிப் போக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இரண்டாவதைத்தான் செய்கிறது.

மலையில் இன்னும் சிக்கல். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், மலை, பழங்குடிப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. சரி, ஆனால் பேச்சிப்பாறை அணைக்கு அக்கரையில் இருக்கும் சில காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் படகில்தான் போக வேண்டும், அங்கே தலைக்கணக்கு மட்டும் பார்த்தால் போதாது; மழைக்காலத்தில் பிரசவம் நெருங்கும் பெண்ணை எந்த வாரத்திலேயே கீழே அழைத்து வந்துவிட வேண்டும், யார் வீட்டில் தங்க வைப்பது, கூலி போகிற கணவருக்கு என்ன வழி என்பதெல்லாம் முன்கூட்டியே திட்டமிட வேண்டிய வேலை. அதைத்தான் இந்தப் படிப்பில் கற்றுக்கொள்கிறேன்.