சேவையும் வியாபாரமும்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு சின்ன ஊர். வேலை அபுதாபியில். ஊரில் ரப்பர், தென்னை, வாழை, கொஞ்சம் தேனீப் பெட்டி. எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். கொரோனா காலத்தில் அரிசி, மருந்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது அதை முறைப்படி ஓர் அறக்கட்டளையாகப் பதிவு செய்யலாம் என்கிறார்கள். மாலை நேர டியூஷன், நூலகம், பெண்களுக்குத் தையல் பயிற்சி என்று திட்டம். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் மாதாமாதம் பணம் தரத் தயார்.

எனக்குத்தான் தயக்கம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் ஒரு நற்பணி மன்றம், ஒரு வாசகசாலை, ஒரு பால் சங்கம், இரண்டு மகளிர் குழு எல்லாம் தொடங்கி நின்றுபோயின. பால் சங்கக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. பழைய செயலாளர் ஊரில்தான் இருக்கிறார். சில அமைப்புகள் ஏன் நிற்கின்றன, சில ஏன் நிற்பதில்லை? குழுவில் ஒருவர், ஊர்த் தேனை வாங்கி விற்கலாமே என்றார். 'சேவை என்று சொல்லிவிட்டு வியாபாரமா?' என்று மற்றவர்கள் அவர் வாயை அடைத்துவிட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? என் பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

தேன் விற்கலாம் என்று சொன்னவரைப் பேச விடுங்கள். உங்கள் குழுவில் சரியான இடத்தில் கை வைத்தவர் அவர்தான் என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்தில் நீண்ட நாள் நின்ற அமைப்புகளை எடுத்துப் பார்த்தால், ஊரில் அன்றாடம் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் கை வைத்தவையாகத்தான் பெரும்பாலும் இருக்கின்றன. மற்றவை நல்ல மனதோடு தொடங்கி, தொடங்கியவர்களுக்குக் கல்யாணமோ விசாவோ கிடைத்ததும் நின்றுபோகின்றன. அதில் அவர்களைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கு அந்த அமைப்பு தினமும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் ரப்பர் பக்கத்துக்காரர். ஆனாலும் கடற்கரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயம் அங்கேதான் மிகத் தெளிவாகத் தெரியும். வள்ளமோ வலையோ இன்ஜினோ வாங்க மீனவருக்குப் பணம் வேண்டும். வியாபாரி முன்பணம் தருவார். வட்டி என்று எதுவும் பேச மாட்டார். பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. அந்த விலைக் குறைவுக்குள்ளே வட்டி ஒளிந்திருக்கும். முதல் எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் முன்பணம் பிள்ளைமேல் இறங்கிய குடும்பங்கள் உண்டு.

இதை உடைத்தது மீனவர்களே சேர்ந்து நடத்தும் சங்க முறை. 1960-களின் இறுதியில் திருவனந்தபுரம் பக்கம் மரியநாட்டில் தொடங்கிய அந்த முறை நம் கடற்கரைக்கும் வந்தது. 1980-ல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பில், நாம் சிஃப்ஸ் என்று சொல்வதில், நம் மாவட்டத்துச் சங்கங்களும் சேர்ந்தன. சங்கம் செய்தது ஒரே காரியம். கரையில் நடக்கும் முதல் விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

குளச்சலுக்கு மேற்கே ஓர் ஊரில் அந்த விற்பனையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வள்ளம் கரை ஏறியதும் சாளை மீனை மணலில் கொட்டுகிறார்கள். சங்கத்தின் ஆள் எல்லோருக்கும் கேட்கும்படி ஏலம் கூறுகிறார். மீன் லாரிக்காரர் நிற்கிறார், தலைச்சுமையாக விற்கும் பெண்களும் நிற்கிறார்கள். ஏலம் முடிந்ததும் நீளமான ஒரு நோட்டில் எழுதுகிறார்: வள்ளக்காரர் பெயர், ஏலத்தொகை, கடனுக்குப் பிடித்தது, சேமிப்புக்குப் பிடித்தது, சங்கத்தின் பங்கு, கையில் கொடுப்பது. கடனுக்கென்று மாதத் தவணை கிடையாது, விற்ற தொகையில் ஒரு பங்கு. நிறைய மீன் பட்டால் நிறையப் பிடிப்பார்கள், கொஞ்சம் பட்டால் கொஞ்சம். வெறும் வலையோடு வந்தவர் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. வங்கி அப்படிக் கோடு போடாது. மீன்பாடு இல்லாத மாதமும் அதற்குத் தவணை மாதம்தான். கடலில் வேலை செய்பவனின் வரவு எப்படி வரும் என்று தெரிந்தவர்கள் போட்ட முறை அது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

இது சேவையா, வியாபாரமா? ஏலம் விடுவது வியாபாரம். அதில் வரும் பங்கில்தான் எழுத்தருக்குச் சம்பளம். அந்த நோட்டிலிருந்துதான் சேமிப்பும் அடுத்த இன்ஜினுக்குக் கடனும் வருகின்றன. முட்டத்தில் பெல்ஜியம் நாட்டு உதவியோடு பிளைவுட் படகு கட்டத் தொடங்கியதும் இப்படித்தான். கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்று தேவைப்பட்டது, படகு வாங்க ஆள் இருந்தார்கள்.

இப்போது உங்கள் ஊர்ப் பக்கம் வருவோம். மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் கிராம சீரமைப்பு மையம் தொடங்கியபோது கோழி முட்டையைச் சேர்ந்து விற்கச் சொல்லிக்கொடுத்தார், பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டுக்கும் நிலம் வேண்டாம். முற்றமும் வேலி ஓரமும் போதும். அங்கே கற்ற தொழிலைத்தான் உங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்ததும், தேனைச் சேர்த்துச் சுத்தம் செய்து ஒரே பெயரில் விற்க முடிந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் குழுவில் நகரத்திலேயே வளர்ந்தவர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மூர்த் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பின் நுனியில் கசியும் இனிப்பைத் தேனீ எடுக்கிறது. மாசி, பங்குனிதான் சீசன். அது முடிந்து மழை பிடித்துவிட்டால் பெட்டிக்குச் சீனிப்பாகு ஊற்றி ஈக்களைக் காப்பாற்ற வேண்டும். ரப்பர் தேனில் ஈரம் அதிகம். தேனடையின் அறைகளை ஈக்கள் மெழுகால் மூடுவதற்கு முன் அவசரப்பட்டு எடுத்தால் புளித்துப்போகும். ஆனால் கையில் காசில்லாதவர் அவசரப்பட்டுத்தான் எடுப்பார். சீனி வாங்க முன்பணம் கொடுத்த வியாபாரி வாசலில் நிற்பார். கடற்கரையில் பார்த்த அதே முன்பணம்தான்.

1991-92-ல் தென்னிந்தியா முழுக்கத் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ நோய் வைரஸ் வந்து புழுப் பருவத்திலேயே ஈக்களைக் கொன்றது. பெட்டிகள் கூட்டம் கூட்டமாகக் காலியாயின. உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள், அந்த வருடத்தைச் சொல்வார்கள். அதிலிருந்து தொழில் மீண்டதற்கு, நோயைத் தாங்கி நின்ற கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கத் தெரிந்த கைகள் இங்கே நிறைய இருந்ததும் ஒரு காரணம். அந்தக் கைகள் இன்னும் உங்கள் ஊரில் இருக்கின்றன. மழைக்காலத்துக்குச் சீனி வாங்க வட்டியில்லாத முன்பணம், தேன் முதிர்ந்த பிறகு எடுக்கும் கட்டுப்பாடு, எல்லோருக்கும் தெரிந்த ஒரே விலை. உங்கள் குழு இந்த மூன்றைச் செய்தால் போதும், ஊரில் பல வீடுகளுக்கு வருமானம் உயரும். உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விற்பனையை நற்பணிக் கணக்கோடு மட்டும் கலக்காதீர்கள். தனிக் கணக்கு, தனி நோட்டு. பிறகு பெரிதாக வளர்ந்தால், பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகவே பதிவு செய்யலாம்.

தையல் பயிற்சியைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இலவசத் தையல் மெஷின் துணி போர்த்திக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கற்றுக்கொடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், தைத்ததை யார் வாங்குவார் என்று யாரும் யோசிக்கவில்லை. இதே நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். வாங்க ஆள் இருந்தார்கள், ஐரோப்பியர்கள். அதனால் பின்னியவர்களுக்குக் கூலி கிடைத்தது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கூலியின் எடை தெரியும். நீங்களும் வாங்குபவரை முதலில் பிடியுங்கள். பள்ளிச் சீருடைக்கோ திருமண மண்டபத்துக்கோ ஓர் ஆர்டர் கையில் வந்த பிறகு மெஷினைப் பற்றிப் பேசலாம்.

பணம் தருபவர்கள் தயாராக இருக்கிறார்கள் என்கிறீர்கள். அதில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். 2004 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று நம் கரைக்கு வந்த உதவியை மறக்க முடியாது. உயிர் பிழைத்தவர்கள் அதனால்தான் எழுந்து நின்றார்கள். ஆனால் தமிழகக் கடற்கரையில் பல இடங்களில், கணக்குக் கேட்காமல் கொடுத்ததால், தேவைக்கு மேல் படகுகள் வந்து இறங்கின. கடலுக்கே போகாதவர் பெயரிலும் படகு வந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள் என்று உள்ளூர் ஆட்களைக் கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பார்கள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது, உள்ளூர் ஆட்களுக்குத்தான் கணக்குத் தெரியும் என்பது வெளிப்படையாகவே தெரிந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எத்தனை பேர் என்று அரசுத் தரப்பில் ஆளுக்கொரு எண் சொல்லிக்கொண்டிருந்தபோது, கத்தோலிக்கக் கோயில் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகக் கேட்டு, எந்தப் படகில் யார் போனார் என்று பெயரோடு பட்டியல் எடுத்தன. கடற்கரைப் பங்குகளில் முப்பது வீட்டுக்கு ஓர் அன்பியம், அதாவது ஜெபத்துக்குக் கூடும் சிறு குழு, என்று ஏற்கெனவே கூடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் புயல் வந்த பிறகு உண்டாக்கியதல்ல. அமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான், தம்பி. யார் வீட்டில் என்ன நிலைமை என்று தெரிந்த ஒரு கூட்டம், அடிக்கடி சந்திக்கும் கூட்டம். உங்கள் ஊரில் பல சாதி, பல மதம் இருக்கும். யார் வாசலில் கூடுகிறீர்கள் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சாமித்தோப்பில் வைகுண்டசாமி எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு வெட்டவைத்த மண் இது. எல்லோரும் தயங்காமல் ஏறிவரும் இடம் வேண்டும்.

பதிவு விஷயம். அறக்கட்டளை வேண்டாம், சங்கமாகப் பதிவு செய்யுங்கள் என்பது என் யோசனை. அறக்கட்டளையில் அறங்காவலர்கள் வைத்ததுதான் சட்டம், ஊரார் எளிதில் கேள்வி கேட்க இடமில்லை. 1975-ம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் குறைந்தது ஏழு பேர் போதும். வருடா வருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கை வைத்தாக வேண்டும், பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். அலைச்சல்தான். அந்த அலைச்சல் ஊருக்கு நல்லது.

வளைகுடாப் பணத்தில் ஒரு விஷயம் கவனம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவரோ, அங்கே உள்ள ஒரு கம்பெனியோ தந்தால் 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வந்துவிடும். உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. குழுவில் லண்டன், கனடாக்காரர்கள் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு மனவருத்தம் வேண்டாம்.

டியூஷனும் நூலகமும் தாராளமாகச் செய்யுங்கள். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்குச் சம்பளம் கொடுங்கள், சும்மா வேலை வாங்காதீர்கள். அந்தச் சம்பளத்தைத் தேன் கணக்கில் வரும் லாபத்திலிருந்து கொடுக்க முடிகிற நாளில் உங்கள் அபுதாபிப் பணம் நின்றாலும் வகுப்பு நிற்காது.

அப்புறம், அந்தப் பால் சங்கம். புதிதாக எதையும் பதிவு செய்வதற்கு முன், ஊருக்கு வரும்போது பழைய செயலாளரைப் போய்ப் பாருங்கள். கட்டடத்தின் சாவி யாரிடம், கடைசித் தணிக்கை எந்த வருடம், உறுப்பினர் பதிவேடு இருக்கிறதா, வங்கிக் கணக்கில் ஏதாவது மிச்சமா என்று கேளுங்கள். சங்கத்தைக் கலைத்துவிட்டார்களா, செயல்படாத சங்கம் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்களா என்பதைப் பால்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கலைக்காமல் இருந்தால் அதைத் திரும்ப எழுப்ப வழியிருக்கிறது. ஊரில் இப்போது எத்தனை வீட்டில் மாடு இருக்கிறது, பாலை யாருக்கு என்ன விலைக்கு ஊற்றுகிறார்கள் என்றும் அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்