பெரியவர்களுக்கு இணையம் பழக்கிவிட்டால், கிராமத்து முதியவர்களின் உடல்நலமும் நகரத்தவர்கள் அளவுக்கு வந்துவிடுமா?

எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அம்மா கேரளாவில், வண்டிப்பெரியாறு பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்), வயது 68. பெரியம்மா மதுரை அண்ணாநகரில், 72. இருவருக்கும் சுகர், பிரஷர். கையில் ஒரே மாதிரி போன், வாங்கிக் கொடுத்தது நான்தான்.

பெரியம்மா லேபுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் தட்டினால் காலையில் ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போவான். ரிப்போர்ட் மத்தியானம் போனுக்கே வந்துவிடும். சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்புவார்.

அம்மா இருக்கும் லயத்தில் ரேஞ்ச் கிடையாது, கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். வீட்டிலிருந்தே டாக்டரிடம் இலவசமாகப் பேசும் இ-சஞ்சீவனி வசதி 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில் வந்தது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது, தமிழே எழுத்துக்கூட்டித்தான். ஆங்கில மெசேஜுக்குள் ஓடிபி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். டாக்டர் கிடைத்து, அவர் டெஸ்ட் எழுதினாலும் குமுளி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பெரிதாக ஏதாவது என்றால் கோட்டயம் மெடிக்கல் காலேஜ். மலையிறங்கி கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர்.

வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் குடித்தால் சுகர் போய்விடும் என்ற ஃபார்வர்டு மட்டும் ரேஞ்ச் இல்லாத லயத்துக்கும் எப்படியோ வந்து சேர்ந்தது. அம்மா இரண்டு வாரம் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார். அதே ஃபார்வர்டு பெரியம்மாவுக்கும் வந்தது. அன்று சாயங்காலமே டாக்டரிடம் காட்டினார், அவர் சிரித்தார், விஷயம் முடிந்தது. வித்தியாசம் போனில் இல்லை, கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இருப்பதில்தான்.

இணையம் பயன்படுத்தும் முதியவர்கள் ஆரோக்கியமாக இருப்பதாக ஆய்வுகள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. படிப்பும் பென்ஷனும் உள்ளவர்கள்தானே முதலில் போனைப் பழகுகிறார்கள்? அவர்களுக்கு உடம்பும் ஏற்கெனவே கொஞ்சம் தேவலை.

மலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் கம்பம் ஊரில் இருக்கும் சித்திக்கு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவரிடம் பட்டன் போன்தான்!

அதற்காக அம்மாவின் போன் வீண் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்கு ஏறி மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து அனுப்புவார். காலிக் குழிகளை நான் எண்ணுவேன். போன வாரம் ஒரு மாத்திரை மிச்சம் இருந்தது. கேட்டால், "அன்னைக்கு ஒரே மழைடா, சோறே ஆக்கல" என்கிறார்.