ஐந்து கட்டமா, பத்துக் கட்டமா? அமெரிக்கப் படையில் ஹிஸ்பானிக் வீரர்களின் மனதை அளப்பது

கேள்வி: சார், யார் ஹிஸ்பானிக் என்பதைப் படை எப்படி முடிவு செய்கிறது?

பதில்: ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்தான் ஹிஸ்பானிக். இதில் அவரவர் சொல்வதுதான் கணக்கு. வெள்ளையர், கறுப்பர் யாரும் ஹிஸ்பானிக்காக இருக்கலாம். டெக்சாஸில் பிறந்த மெக்சிகோ வம்சாவளியினர், புவேர்ட்டோ ரிக்கோ தீவுக்காரர், மயாமியில் வளர்ந்த கியூபக் குடும்பத்துப் பிள்ளை எல்லோரும் ஒரே கட்டத்தில்தான் டிக் போடுகிறார்கள். பூர்வீகம், எத்தனையாவது தலைமுறை, வீட்டில் என்ன மொழி என்று தனியாகக் கேட்காத கருத்துக் கணிப்பின் சராசரியை நான் நம்பமாட்டேன்.

கேள்வி: 1 முதல் 5 வரை ஓர் எண்ணைக் குறிக்கச் சொல்லும் 5 புள்ளி அளவையில் ஹிஸ்பானிக் வீரர்கள் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று அதிகம் குறித்தால், படை வாழ்க்கை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: அவசரப்படாதீர்கள். 1989இல் ஹூய், டிரையாண்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 5 புள்ளி அளவையில், மற்றவர்களைவிட ஹிஸ்பானிக் வீரர்கள் 1, 5 என்ற இரண்டு ஓரங்களையும் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். 10 புள்ளி கொடுத்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது! 'கப்பல் வேலை எனக்குப் பிடிக்கும்' என்ற வரிக்கு ஒருவர் 5 போடுகிறார், பக்கத்தில் இருப்பவர் 4 போடுகிறார். இருவர் மனதிலும் இருப்பது ஒன்றாகவே இருக்கலாம். எண்ணைக் குறிக்கும் பழக்கம்தான் வேறு. அதைப் பார்க்காமல் 'இவர்களுக்குப் பற்று அதிகம்' என்று அறிக்கை எழுதுவது அந்த வீரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: 'சிம்பாத்தியா' என்கிறார்களே, அது என்ன?

பதில்: முகம் முறியாமல், இணக்கமாகப் பழகுவதை உயர்வாக நினைக்கும் பண்பு. இதே டிரையாண்டிஸ் குழு 1984இல் எழுதிய கட்டுரையும் கடற்படைக்குப் புதியவர்களைப் பற்றியதுதான். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் நல்லவிதமாக நடந்துகொள்வார்கள் என்று ஹிஸ்பானிக் வீரர்கள் கூடுதலாக எதிர்பார்த்தார்கள். கடுமையை அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. அப்புறம், பயிற்சியில் அதிகாரி கத்தும்போது அது இவர்களை எப்படித் தாக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'அதிகாரி உங்களை நன்றாக நடத்துகிறாரா?' என்ற பொதுக் கேள்வியில் இதெல்லாம் பிடிபடாது. 'போன வாரம் எத்தனை முறை எல்லோர் முன்னாலும் திட்டினார்?' என்று கேட்க வேண்டும்.

கேள்வி: வினாத்தாளை ஸ்பானிஷில் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. படையில் சேரும் தேர்வே ஆங்கிலத்தில்தான். பலருக்கு ஆங்கிலமே இயல்பாக வரும். மொழியை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: பெயர் கேட்காவிட்டால் உண்மையைச் சொல்வார்களா?

பதில்: பெயரை விட்டுவிட்டால் மட்டும் போதாது. பிரிவில் ஹிஸ்பானிக் பெண் ஒருவர்தான் இருக்கிறார் என்றால், இனம், பாலினம் என்று இரண்டு கட்டம் நிரப்பியதுமே ஆள் தெரிந்துவிடும். அந்தச் சின்னக் குழுவின் விடைகளைத் தனியாகப் பிரித்து மேலதிகாரி கையில் கொடுக்கவே கூடாது.