கடலடி நிலவியல்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ஈசூன் வாசகி: சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் எங்கள் புளோக்கில் விளக்கு ஆடுகிறது. நமக்கு அடியிலும் தட்டு விளிம்பு இருக்கிறதா அக்கா?

இல்லைம்மா. பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால்தான் கீழே நுழைகிறது. 2004இல் 9.1 அளவு நிலநடுக்கம் வந்து, கடலடி எழும்பிச் சுனாமியைக் கிளப்பியது அங்கேதான். சிங்கப்பூரில் நாம் விளிம்பிலிருந்து தள்ளி இருக்கிறோம். அதிர்வு இவ்வளவு தூரம் வருவதற்குள் அதன் படபடப்பு அடங்கிவிடும், மெதுவான ஆட்டம் மட்டும் மிஞ்சும். உயரமான கட்டடங்கள் அதற்குத்தான் அசையும். கீழே காப்பிக்கடையில் இருப்பவர் தே தாரிக்கைக் குடித்துக்கொண்டிருப்பார், ஒன்றும் தெரியாது.

தெம்பனிஸ் அன்பர்: செந்தோசாவில் பார்க்கும் கடலடியும் இதே ரகமா?

அது மூழ்கிய நிலம், அவ்வளவுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இங்கிருந்து போர்னியோவுக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஜூரோங் அன்பர்: நாலு கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியில் இருப்பதெல்லாம் ஊகம்தானே?

ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதோடு நின்றால் ஓரளவு ஊகம்தான். துளை போட்டால் கதை வேறு. 2016இல் ஜோய்டிஸ் ரெசொல்யூஷன் என்ற துளையிடும் ஆய்வுக்கப்பல் சுமத்ராவுக்கு மேற்கே, தட்டு கீழே நுழையும் கடலடிப் பள்ளத்துக்குள் வண்டல் இன்னும் போகாத இடத்தில், கடலடியிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழம் வரை துளைத்தது. மண் நீண்ட உருளைகளாக மேலே வரும். ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் பிளப்பார்கள். ஒரு பாதியைத் தொடாமல் பத்திரப்படுத்துவார்கள், இன்னொன்றில்தான் சோதனை. வெட்டிய முகத்தில் மெல்லிய மணல், மேலே சேறு, மறுபடி மணல் என்று அடுக்கு தெரியும். பெரும்பாலும் இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மண்! பிளப்பதற்கு முன்பே தனியாக வெட்டியெடுத்த சில துண்டுகளின் சேற்றை அழுத்திப் பிழிந்து நீரை எடுப்பார்கள். ஆழத்திலிருந்து வந்த நீரில் கடல்நீரைவிட உப்பு குறைவு. காரணம், சூட்டில் கனிமங்கள் தமக்குள் இருந்த நீரை ஏற்கெனவே விட்டிருந்தன. ஆகவே வண்டல் பள்ளத்தை அடையுமுன்பே இறுகி வலுவாகிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. 2004இல் பிளவு பள்ளத்துக்கு அவ்வளவு அருகே வரை ஓடி, சுனாமியைப் பெரிதாக்கியதற்கு அது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்த சான்று அந்த உப்புக் குறைவுதான். வெறும் எதிரொலிப் படத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது.

உட்லண்ட்ஸ் தாயார்: மகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கிறாள். இதைப் படிக்க ஆசை, ஆனால் படகு ஏறினாலே வாந்தி.

பரவாயில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் படிக்கலாம். கப்பலேறாமல் ஆய்வகத்தில் உருளைகளோடு வேலை செய்பவர்கள் நிறையப் பேர். கணிதத்தை மட்டும் கைவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.