பெயர்ப் பலகை வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து ஒரு காபிக் கடை தொடங்கவிருக்கிறோம். வசதியுள்ளவர்கள் கூடுதலாக ஒரு காபிக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாம். இல்லாதவர்கள் வந்து அதைக் குடிக்கலாம். கொடுப்பவர்களின் பெயரைச் சுவரில் எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் கொடுக்கத் தோன்றும் என்று நினைக்கிறோம். வசதியுள்ளவர்களே ஓசியில் குடித்துவிட்டுப் போவார்களோ என்ற பயமும் இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அவசியம் தொடங்குங்கள். அந்தப் பெயர்ப் பலகை மட்டும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் வழக்கம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் நெடுங்காலமாக இருக்கிறது. ‘கஃபே சொஸ்பேசோ’ என்பார்கள். ஒன்றைக் குடித்துவிட்டு இரண்டுக்குப் பணம் கட்டுவது. அங்கே பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி ரசீது வாங்கி, அதைக் காபி போடுபவரிடம் நீட்ட வேண்டும். கூடுதல் காபிக்கான ரசீதைப் போட்டுவைக்கச் சில கடைகளில் ஒரு பெரிய காபிப் பாத்திரமே இருக்கும். கையில் காசில்லாதவர் அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினால் போதும். எல்லோரும் நீட்டுவது அதே மாதிரி ரசீதைத்தான். யார் கொடுத்தது என்று இவருக்குத் தெரியாது. யார் குடித்தார் என்று அவருக்கும் தெரியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். சுவரில் பெயர்கள் இருந்தால், கீழே உட்கார்ந்து குடிப்பவர் ஒவ்வொரு வாய்க்கும் அவற்றைப் பார்த்தாக வேண்டும். எனக்கென்றால் அந்தக் காபி தொண்டையில் இறங்காது.

ஓசியில் குடிப்பவர்கள் வருவார்கள், சரி. அவர்களைப் பிடிக்க நீங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தால், உண்மையாகவே இல்லாதவர்தான் முதலில் வராமல் நின்றுபோவார். ஏமாற்றுபவருக்குப் பதில் சொல்லத் தெரியும், இவருக்குத்தான் கூச்சம். அதனால் ஒன்றும் கேட்காதீர்கள்.

நான் கவலைப்படுவது வரவு செலவைப் பற்றி. அமெரிக்காவில் பனேரா என்ற பெரிய நிறுவனம், முடிந்ததைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று 2010-இல் ஒரு கடையைத் திறந்தது. அப்புறம் இன்னும் சில. கட்டுப்படியாகாமல் 2019-இல் கடைசிக் கடையையும் மூடிவிட்டார்கள். அதே நாட்டின் டென்வர் நகரில் 2006-இல் தொடங்கிய ஸேம் கஃபேயில் காசில்லாதவர் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டுச் சாப்பிடலாம். சும்மா வாங்கிக்கொள்ளக் கூசுபவருக்கு அது பெரிய ஆறுதல். நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம், கொடுக்கப்படும் ஒவ்வொரு காபிக்கும் முன்பே பணம் வந்திருக்கும். அதை அப்படியே காப்பாற்றுங்கள். கடை தள்ளாடும்போது வேலையாட்களின் சம்பளத்தில் கைவைத்துத் தர்மம் செய்ய வேண்டாம். நீங்களும் ரசீது போட ஒரு பெட்டி வைத்தால், அதில் ரசீது தீர்ந்துபோகும் நாள் வரும். அன்றைக்கு ஒருவரை வெறுங்கையோடு அனுப்பாமலிருக்க, தினமும் கடை திறக்கும்போதே உங்கள் பங்காகச் சில ரசீதுகளைப் போட்டு வையுங்கள். அந்தச் செலவையும் வாடகையைப் போல மாதக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்.